பழைய வண்டியும் இளைய ஆசையும்



இரவு உணவு முடிந்ததும் விடுதி வராந்தாக்களில் கூடும் நம் கூட்டங்களில் அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்படும் பொருள் எது? பழைய கார்! அதிலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயில் குளத்துக்குப் போகும் சாதுவான கார் அன்று. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்த துடிப்பான வண்டிகள். காலை வைத்தவுடன் சீறிப் பாய்வன. வளைவில் கைக்கு அடங்கி நிற்பன. இன்று ஒரு புதிய 350 சி.சி. மோட்டார் சைக்கிளின் விலைக்கும் குறைவாகக் கிடைப்பன. தில்லியிலோ அவை இன்னும் மலிவு. ஏன் மலிவு என்பதைச் சிந்திப்பவர் சிலர். மலிவு என்றதும் மயங்குபவர் பலர்.

இந்த ஆசை தவறானது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைப் போன்ற வசதி குறைந்த மாணவர்க்கும், முதல் சம்பளம் வாங்கப் போகும் இளைஞர்க்கும் இயந்திரத்தின் இன்பத்தைத் தரவல்லவை இப்பழைய வண்டிகளே என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விலையைப் பார்த்து வாங்குபவன் ஏமாறுவான். ஏட்டையும் இரும்பையும் பார்த்து வாங்குபவனே பிழைப்பான். வண்டியை அதன் புகையால் அளக்காமல் வயதால் மட்டுமே அளக்கும் சட்டமும் திருந்த வேண்டும். இவ்விரண்டையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பௌதிகம் படிப்பவனுக்குக் காரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். என் தந்தையார் பிழைப்புக்காகத் தலைநகர் வந்து, முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய கார்களை ஓட்டுபவர். சொந்தமாக ஒரு கார் இதுவரை வாங்கியதில்லை. ஆனால் தெருவில் போகும் வண்டியின் ஓசையைக் கேட்டே, "வால்வு தட்டுது தம்பி, இன்னும் ரெண்டு மாசம் தாங்காது" என்று சொல்லிவிடுவார். வகுப்பறையில் நான் கற்ற வெப்ப இயக்கவியலுக்கு முன்பே, அவர் பக்கத்தில் நின்று இயந்திரத்தின் மொழியைக் கற்றேன். உழைப்பாளியின் வீட்டில் கார் ஆசை ஆடம்பரமாகக் கருதப்படுகிறது. செல்வர் வீட்டிலோ அதுவே இரசனை எனப்படுகிறது. இந்த வேற்றுமையை நான் ஏற்பதில்லை.

முதலில் இவ்வண்டிகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் இந்நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 தெருவுக்கு வந்தது. 796 சி.சி. கொண்ட அச்சிறிய இயந்திரத்தின் அருமையை அறிந்தவர்களுள் ஒருவர் கோயம்புத்தூர் கரிவர்தன். அந்த இயந்திரத்தை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, எண்பதுகளின் இறுதியில் 'பார்முலா மாருதி' என்ற பந்தய வகையை உருவாக்கினார். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தமிழகம், பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளத்தையும் பெற்றது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. வேகத்தின் மீதுள்ள விருப்பம் நமக்கு அயலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1993இல் கார்த் தொழிலுக்கு உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அதன்பின் அணை திறந்தாற்போல் வண்டிகள் வந்தன. அவ்வாண்டே மாருதி ஜென். அடுத்த ஆண்டு எஸ்டீம். 1998இல் ஹோண்டா சிட்டி. 1999இல் போர்டு ஐகான். 2001இல் பியட் பாலியோ. இவற்றுள் ஐகான் நம் மறைமலை நகரில் பிறந்தது. மிட்சுபிஷி லான்சர் திருவள்ளூரில் பூட்டப்பட்டது. தில்லித் தெருவில் ஒரு பழைய ஐகானைக் காணும்போது ஊர்க்காரனைக் கண்டாற்போல் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 2022இல் மறைமலை நகர் ஆலையில் போர்டு உற்பத்தி நின்றபோது வருந்தியவர்களுள் நானும் ஒருவன்.

துடிப்பு என்பது எதில் இருக்கிறது? குதிரைத்திறனில் மட்டும் என்று எண்ணுவது பாமரக் கணக்கு. நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவில் கொள்ளுங்கள்: அதே விசைக்கு, எடை குறைந்தால் முடுக்கம் கூடும். பின்னாளில் வந்த எஸ்டீமின் 1.3 லிட்டர், பதினாறு வால்வு இயந்திரம் ஏறத்தாழ 85 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ ஏறத்தாழ 875 கிலோ. டன் ஒன்றுக்கு 97 குதிரைத்திறன். இன்று 115 குதிரைத்திறன் என்று மார்தட்டும் ஒரு வண்டி 1,300 கிலோ எடையிருந்தால், டன்னுக்கு 88தான் தேறும். பந்தயத் தளங்களில் எஸ்டீம் ஆண்டுக்கணக்கில் ஓடியதன் இரகசியம் இதுவே. ஜென்னின் 993 சி.சி. இயந்திரம் முதலில் தந்தது 50 குதிரைத்திறன்தான். ஆயினும் முக்கால் டன் அளவே எடையுள்ள அவ்வண்டி, நகரச் சந்துகளில் வெட்டி ஓடும் அழகு பெரிய கார்களுக்கு வாய்ப்பதில்லை.

அடுத்த படியில் இருப்பது 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த சிட்டி வி-டெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். இயந்திரத்தின் சுழற்சி மிகும்போது வால்வுகள் திறக்கும் அளவையும் நேரத்தையும் தானே மாற்றிக்கொள்ளும் நுட்பம் அதன் உயிர். குறைந்த சுழற்சியில் பசுவாகவும், மிகுந்த சுழற்சியில் புலியாகவும் இருப்பது அது. ஐகான் 1.6 வேறு குணம். தொடக்கத்திலேயே இழுவை மிகுந்தது. பள்ளமும் மேடும் அறியாமல் உறுதியாக ஓடுவது. பாலியோ 1.6க்கு 100 குதிரைத்திறன். கையில் எடுத்தால் கனமும் கம்பீரமும் தெரியும். எண்களைப் பார்த்தால் பாலியோவையே வாங்கத் தோன்றும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏன்?

பழைய வண்டி வாங்குவது மணமகள் பார்ப்பது போலன்று. கிணறு வாங்குவது போன்றது. இன்று நீர் இருக்கிறதா என்பதைவிட, கோடையில் ஊறுமா என்பதே கேள்வி. உதிரிப் பாகமே அந்த ஊற்று. பியட் பெயரில் இன்று இந்தியாவில் புதிய கார் விற்பனையே இல்லை. பாலியோவுக்கு ஒரு சிறு சென்சார் கெட்டாலும் ஊர் ஊராகத் தேட வேண்டும். போர்டும் இங்குத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஐகானுக்கு வழக்கமாகத் தேயும் பாகங்கள் கிடைக்கலாம். கதவு, விளக்கு, உட்புறச் சாமான்கள் அருமை. மாருதி வண்டிகளுக்கோ அந்தக் கவலை குறைவு. தில்லியில் காஷ்மீரி கேட், சென்னையில் ஜி.பி. ரோடு, பழைய பாகமானால் இங்கே மாயாபுரி, அங்கே புதுப்பேட்டை. தேடினால் கிடைக்கும், சிறு ஊர் மெக்கானிக்கும் கை வைக்க அஞ்சமாட்டார். ஆதலின் முதல் முறை வாங்குபவர்க்கு என் பரிந்துரை ஜென் அல்லது எஸ்டீம். அழகிய வண்டியைவிட, பழுதானால் எழுந்து நடக்கும் வண்டியே ஏழையின் வண்டி.

இனிச் சோதனை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டை ஈறு வரை பார்த்தே தீர வேண்டும். நம் ஊர் மாட்டுச் சந்தையில் விவசாயி சுழி பார்ப்பான், பல் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே விற்பவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார் என்று ஐயுறுவதில் தவறில்லை. கிளப்பியதும் புகையைப் பாருங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுவதைக் காட்டும். சூடான பின்னும் நிற்காத அடர்ந்த வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். பாலில் கலக்கிய காப்பி நிறத்தில் பசை இருந்தால் கேஸ்கெட் போயிருக்கக் கூடும். வந்த வழியே திரும்புவது நலம். டைமிங் பெல்ட் கொண்ட இயந்திரமானால், அது எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள்; இரசீது இல்லையேல் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பெல்ட் ஓடும்போது அறுந்தால், பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே பாழாகும்.

இயந்திரத்தை மாற்றலாம், துருப்பிடித்த உடலை மாற்ற இயலாது. தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து சஸ்பென்ஷன் மேலே பொருந்தும் இடங்களைப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் ஓட்டுங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டாத இடம் பட்டி வைத்துப் பூசி மறைத்த இடம். கடற்காற்றில் வளர்ந்த சென்னை வண்டியைவிட, வறண்ட காற்றில் வளர்ந்த தில்லி வண்டிக்குப் பொதுவாகத் துரு குறைவு. தில்லி வண்டியை நம்மவர் விரும்புவதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம், நியாயமான காரணம்.

இன்னொரு புதுச் சங்கடமும் உண்டு. இன்று நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாங்கியவுடன் எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றுவது முதற்செலவு. இதைச் செய்யாமல் சீட் கவரும் ஒலிபெருக்கியும் வாங்குபவனை என்னென்று சொல்வது! யானை வாங்கியவன் அங்குசம் வாங்காமல் நெற்றிப்பட்டம் வாங்கிய கதைதான்.

இரும்பை விட்டு ஏட்டுக்கு வருவோம். நம் விடுதியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஆராய்ச்சி உதவித்தொகையில் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பியது போக மீத்த பணம், இரண்டாண்டுச் சேமிப்பு, எழுபதாயிரம் ரூபாய். அதைக் கொடுத்து நகரத்தில் ஒரு தரகரிடம் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். கட்டுக்கோப்பான வண்டி, ஓசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவு காலாவதியானது. "எல்லாம் ஆகிவிடும் சார்" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறு ஆவணம் கைக்கு வரவில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தெருவோரம் நின்ற அவ்வண்டியைக் கிரேன் தூக்கிச் சென்றது. உடைப்புக்குப் போன இரும்புக்கு என்ன கிடைக்கும்? தரகரின் தொலைபேசி அதன்பின் ஒலிக்கவே இல்லை. அந்த அண்ணன் அழவில்லை. ஆறு மாதம் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகாமல் இருந்தார். ஒரு காருக்காக ஒருவன் தாயைக் காணாதிருந்த ஆறு மாதத்தை எந்தக் கணக்கில் வைப்பது? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நிகழ்ச்சியே.

ஆகவே சட்டத்தைத் தெளிவாக அறிவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அப்புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025இல் இருபது ஆண்டு கடந்த காருக்கு 10,000 ஆக்கப்பட்டது. தகுதிச் சோதனை, காப்பீட்டுச் செலவுகள் வேறு.

தில்லியிலும் சுற்று வட்டாரத்திலும் நிலை வேறு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றக் கூடாது என்ற ஆணை வந்து, எதிர்ப்பினால் சில நாட்களில் தள்ளி வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்க்குப் பாதுகாப்பு அளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலோ அப்பாதுகாப்பு பி.எஸ்.4, அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு மட்டுமே எனச் சுருங்கியது. பி.எஸ்.4 தில்லிக்கு வந்ததே 2010இல். எனவே நாம் பேசும் ஜென்னும் எஸ்டீமும் வி-டெக்கும் ஐகானும் அப்பாதுகாப்புக்கு வெளியே நிற்பவை. தில்லியில் ஓட்டுவதற்காக இவற்றை வாங்குவது, பணத்தைக் கிரேனின் கொக்கியில் மாட்டுவதற்கு ஒப்பாகும்.

ஊருக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். போகலாம். அதற்கு முதலில் இங்குள்ள அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும்; ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இவ்வயது வண்டியை ஏற்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டறிய வேண்டும்; வரி, மறுபதிவு, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவு வண்டியை ஏற்றியனுப்பும் கூலி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால், தில்லி மலிவு பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஊரிலேயே, பதிவு உயிரோடிருக்கும் ஒரு வண்டியைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே பல சமயங்களில் உண்மையான மலிவு.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விற்றவன் பெயரில் நீங்கள் ஓட்டினால் விபத்து நேரும்போது அவனுக்குத் துன்பம். காப்பீடு சிக்கலானால் உங்களுக்கும் அடிபட்டவர்க்கும் துன்பம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா, அபராதங்கள் பாக்கி உள்ளனவா என்று பாருங்கள். இயந்திரத்தையும் உடலமைப்பையும் விருப்பம்போல் மாற்றுவதும் ஆகாது. பதிவில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. நன்றாகப் பராமரித்த, மாற்றம் செய்யாத வண்டியே நாளை மதிப்புடையது.

இனி என் வழக்கை வைக்கிறேன். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் காக்கப்பட்ட வண்டிக்குத் 'தொன்மை வண்டி' என்ற தகுதியும் தனிப் பதிவெண்ணும் உண்டு. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அது தெருவில் வரலாம். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் 1998இல் பிறந்த ஒரு சிட்டி அந்த மரியாதையைப் பெற 2048 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தலைநகரில் அது குப்பை! ஐம்பது வயதில் பொக்கிஷமாகப் போவதை இருபத்தைந்து வயதில் நொறுக்கிவிட்டால், ஐம்பதை எட்டுவது எது? அரசர்களின் பெரிய வண்டிகள் காக்கப்படும். நடுத்தர மக்கள் வாழ்வில் முதன்முதல் வேகத்தைக் காட்டிய வண்டிகள் மாயாபுரியில் தகடாகும். வரலாறு மாளிகைகளுக்கு மட்டும் உரியதா?

காற்றின் நிலையை நான் மறக்கவில்லை. கார்த்திகை, மார்கழிகளில் தில்லியில் மூச்சு விடுபவன் மறக்கவும் முடியாது. பழைய வண்டி மாசு மிகுதியாகத் தருவது உண்மை. நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995இல். அதற்கு முந்திய வண்டிகளில் அது இல்லை. பிந்தியவற்றிலும் தேய்ந்து பயனற்றுப் போயிருக்கலாம். ஆகவே எல்லாப் பழைய வண்டிகளையும் நாள்தோறும் ஓடவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது இதுதான்: வயதைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். புகைக் குழாயின் வாயில் கருவியை வைத்துக் கடுமையான சோதனை நடத்துங்கள், தேறாததை நிறுத்துங்கள், தேறியதை ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர், வார இறுதியில் மட்டும் என்ற வரம்போடு விடுங்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் நல்ல நிலையிலுள்ள ஒரு ஜென்னையும், நாளெல்லாம் சுழலும் ஒரு சீர்கெட்ட வண்டியையும் ஒரே கோலால் அளப்பது அறிவியல் ஆகாது. அளவீட்டைக் கற்கும் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை.

அப்படிச் சட்டம் மாறும் வரை என்ன செய்வது? சட்டத்தை மதித்து நடப்பது. தவறு என்று வாதிடும் உரிமை நமக்கு உண்டு. மீறி ஓட்டி மாட்டிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை.

இறுதியாக, உயிரைப் பற்றி ஒரு சொல். இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லை. முழுமையான மோதல் சோதனை இந்நாட்டில் புதிய வகைக் கார்களுக்கே 2017இல்தான் கட்டாயமாயிற்று. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, காற்றுப்பை இல்லாத அன்றைய ஐந்து இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஒன்றுகூட ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவை நாம் பேசுவனவற்றைவிடப் புதிய வண்டிகள்! எடைக் குறைவு முடுக்கத்தில் வரம், மோதலில் சாபம். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மோதலில் கரைய வேண்டிய ஆற்றலோ 78 விழுக்காடு கூடுகிறது. எனவே புதிய டயர், புதிய பிரேக் பட்டை, பழுதில்லாத இருக்கைப் பட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் வண்டியை வாசல் தாண்ட விடாதீர்கள். வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையும் கோவையின் கரி தளமும் அதற்காகவே உள்ளன. பொதுச் சாலை பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் உரியது.

துடிப்பான சிறு வண்டியின் இன்பம் வேக முள்ளில் இல்லை. ஐம்பது கிலோமீட்டரிலேயே சாலை உள்ளங்கையில் பேசுகிறதே, அதில் இருக்கிறது. இன்றைய வண்டிகள் நம்மைத் தாலாட்டுகின்றன. அன்றைய வண்டிகள் நம்மை விழித்திருக்கச் செய்தன. ஸ்பேனர் பிடித்துக் கை கறுத்த மாணவனுக்குப் பாடநூலின் உராய்வும் முறுக்கமும் வெறும் எழுத்தாக இரா. அதற்காகவே இந்த ஆசையை நான் ஆதரிக்கிறேன்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு வண்டி. ஒரு பங்கு பழுதுக்கும் ஏட்டுக்கும். ஒரு இலட்சம் உள்ளவன் அறுபத்தையாயிரத்துக்கு மேல் பேரம் பேசக் கூடாது. அந்த விலைக்கு நல்லது கிடைக்கவில்லையென்றால் காத்திருங்கள். இருபத்தைந்து ஆண்டு காத்திருந்த வண்டி, இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம்; மகிழ்ச்சி. அவற்றோடு, பழைய வண்டி வாங்க விரும்பும் தோழருடன் சென்று வண்டியைப் பார்க்கவும், ஆர்.சி. புத்தகத்தைப் படித்துச் சொல்லவும், இந்தி தெரியாதவர்க்குத் தரகரிடம் பேசவும் நால்வர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்தால் என்ன? காந்தமும் விளக்கும் நான் கொண்டு வருகிறேன். ஞாயிறு காலைகளில் எனக்கு ஓய்வுண்டு. என் தந்தையாரும் வர இசைந்திருக்கிறார். ஓசை கேட்பதை அவரிடம் விட்டுவிடலாம். அந்த அண்ணனுக்கு நேர்ந்தது இந்த விடுதியில் இன்னொருவருக்கு நேராதிருந்தால், அதுவே நம் சங்கம் செய்த நல்ல தொண்டு.